நார்க்கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பிரசவம்: அந்தப் பேப்பர் எங்கே?

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கமிருந்து வர்ற கர்ப்பிணிகளிடம், "இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்காம்மா?" என்று கேட்பேன். "பெருசா ஒண்ணுமில்ல டாக்டர், லேப்பராஸ்கோபிதான். நாலு சின்ன ஓட்டை" என்று சிலர் சொல்வாங்க. இன்னிக்கு அந்த "பெருசா ஒண்ணுமில்ல" பற்றித்தான் பேசப் போறேன்.

வயிற்றின் மேல தெரியறது சின்னத் தழும்புதான். ஆனா ஆறு சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு கட்டி தசைக்குள்ள இருந்தா, கர்ப்பப்பையை அதுக்குத் தக்கபடி வெட்டித்தான் எடுக்கணும். வயிற்றைத் திறந்து செஞ்சாலும் அதேதான், கேமரா வச்சுச் செஞ்சாலும் அதேதான். வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், இதெல்லாம் உண்மை. நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனா கீஹோல் என்பது வயிற்றுத் தோலுக்கு மட்டும்தான், கர்ப்பப்பைக்கு இல்லை.

கட்டி இருந்த இடத்தைப் பொறுத்துத்தான் பிரசவம். கர்ப்பப்பைக்கு வெளியே காம்பில் தொங்கிய கட்டியா? நார்மல் டெலிவரிக்குப் பெரும்பாலும் தடையில்லை. குழந்தை வளரும் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருந்த கட்டியை, வயிற்றில் ஓட்டையே போடாமல் ஹிஸ்டரோஸ்கோப்பியில் எடுத்திருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். தசைக்குள் ஆழமாகப் புதைந்த கட்டி, அல்லது எடுக்கும்போது உள்ளறை வரை திறந்துவிட்டது என்றால்தான் கவனம் வேணும். அங்கே தசையை இரண்டு மூன்று அடுக்காகத் தைக்க வேண்டும். லேப்பராஸ்கோபியில் கட்டியை எடுப்பதைவிட இந்தத் தையல்தான் கஷ்டமான வேலை. கரண்ட் வைத்து அதிகமாகச் சுட்டிருந்தால் அந்த இடம் பலமாக ஆறாமலும் போகலாம். அதனாலதான் கர்ப்பம் தரிக்க மூணு முதல் ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேல, காத்திருக்கச் சொல்றோம்.

பயமுறுத்தலை. தழும்பு பிரிந்து கர்ப்பப்பை கிழிவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நடக்குது. ஆனா நடந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் நிமிஷக் கணக்குதான். பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில், சில சமயம் பிரசவ வலி ஆரம்பிக்கும் முன்பே நடக்கும். ஆழமான தையல் உள்ளவர்களுக்கு வலி வரும்வரை காத்திருக்காமல் 37, 38 வாரத்தில் சிசேரியன் செய்யறது இதனாலதான். விட்டு விட்டு வராமல் ஒரே இடத்தில் குத்தி நிற்கிற வலி, குழந்தை அசைவு குறைவது, தலைசுற்றல், படபடப்பு, இதில் எது வந்தாலும் உடனே கிளம்புங்க. வெளியே ரத்தம் தெரியலையேன்னு இருந்துடாதீங்க. ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கலாம். ஸ்கேனில் தழும்பின் பலத்தை நிச்சயமாகச் சொல்லவும் முடியாது.

அப்போ டாக்டருக்குத் தெரிய வேண்டியதை எது சொல்லும்? அந்த ஆபரேஷன் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, கவனிங்க. சம்மரியில் "லேப்பராஸ்கோபிக் மையோமெக்டமி செய்யப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். எத்தனை கட்டி, எவ்வளவு ஆழம், உள்ளறை திறந்ததா, எத்தனை அடுக்குத் தையல், இதெல்லாம் ஆபரேஷன் நோட்ஸில்தான் இருக்கும். அது ஆஸ்பத்திரி ஃபைலிலேயே தங்கிவிடும். 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிப்படி நீங்க கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரணும். அதே விதி, ஃபைலை மூணு வருஷம் வைத்திருந்தால் போதும்னும் சொல்லுது. 26 வயசுல ஆபரேஷன், 31ல் கர்ப்பம் என்றால் கணக்குப் போட்டுக்குங்க. டிஸ்சார்ஜ் ஆகிற அன்னிக்கே கேட்டு வாங்கிடுங்க, போனில் போட்டோவும் எடுத்து வைங்க.

எங்க பக்கத்துல இது ஏன் முக்கியம்னா, இங்கே ஏராளமான குடும்பங்களுக்கு ஊர் திருச்சி, மதுரை, திருநெல்வேலி. ஆபரேஷன் இங்கே நடக்கும். வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணு தாய்வீட்டுக்குப் போயிடும், பிரசவம் அங்கே. கட்டுச்சோறு, பலகாரமெல்லாம் கூடவே போகும், இந்தப் பேப்பர் மட்டும் பீரோவிலேயே கிடக்கும். பேப்பர் இல்லாமல் வந்தால் நான் ஆழமான தையல்னுதான் எடுத்துக்குவேன், தேவையில்லாத சிசேரியனாகவும் அது முடியலாம். தையல் விஷயமே தெரியாத டாக்டர் வலி வர மாத்திரை கொடுத்தால் அது அதைவிட ஆபத்து.

இன்னொண்ணு. கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஆபரேஷனை மாப்பிள்ளை வீட்டில் மறைப்பது நிறைய நடக்குது. தொப்புள் பக்கத் தழும்பு மங்கிடும், அம்மாவும் "சொல்லாதே"ம்பாங்க. வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்க விஷயம். டாக்டரிடம் சொல்லியே ஆகணும். கணவர் பக்கத்தில் இருக்கார்னு தயக்கமா இருந்தா, "தனியாப் பேசணும் டாக்டர்"னு ஒரு வார்த்தை போதும், அவரை வெளியே உட்காரச் சொல்லிடுவோம். தாய் சேய் அட்டையிலும் எழுதச் சொல்லிடுங்க.

பிரசவத்துக்கு இடம் பார்க்கும்போது ராத்திரியிலும் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் கிடைக்குமான்னு கேளுங்க. தாம்பரத்திலிருந்து எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சுமார் 30 கிலோமீட்டர். பொங்கல், தீபாவளி சமயம் ஜிஎஸ்டி ரோடு எப்படியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த நாட்களுக்குப் பக்கத்தில் தேதி விழுந்தால் முன்னாடியே அட்மிட் ஆகிடுங்க.

அடுத்த எபிசோடில் கர்ப்ப காலத்திலேயே ஃபைப்ராய்டு இருக்கிறவங்களைப் பற்றிப் பேசலாம்.