அந்த நாலு நிமிஷம்

என் தம்பிக்கு ஒன்பது வயசு, ஆட்டிசம் இருக்கு. போன தடவை ஏர்போர்ட் செக்யூரிட்டியில மெட்டல் டிடெக்டர் பீப்னு கத்தினதும் காதைப் பொத்திக்கிட்டு தரையில உட்கார்ந்துட்டான். பின்னாடி ஒருத்தர், "பிள்ளையை அடக்கத் தெரியாதா?"ன்னார். அம்மா எதுவும் பேசல.

அது அடம் இல்லைங்க. அந்தச் சத்தம் அவனுக்கு நிஜமாவே வலிக்குது.

2022-ல ராஞ்சியில மாற்றுத்திறனுள்ள ஒரு சிறுவனை விமானத்துல ஏத்த மறுத்தாங்க. அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதே வருஷம் விதியும் மாறிச்சு: மாற்றுத்திறனைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது, பயணத்துல உடல்நிலை மோசமாகும்னு சந்தேகம் வந்தா, டாக்டர் நேர்ல பார்த்துச் சொல்லணும்.

விதி வந்தாச்சு, பழக்கம் வரணும். லண்டன் கேட்விக்ல 2016-ல சூரியகாந்திப் பட்டை தொடங்கினாங்க. கழுத்துல அதைப் பார்த்தாலே ஊழியருக்குப் புரிஞ்சிடும். நம்ம ஏர்லைன்ஸும் புக்கிங்லயே கேக்கலாம், வரிசையில காக்க வைக்காம ஏத்தலாம், அடுத்து என்ன நடக்கும்னு முன்கூட்டியே சொல்லலாம்.

அன்னிக்கு ஒரு பெண் காவலர் மட்டும் குனிஞ்சு, அவனைத் தொடாம, "ரெடியானதும் வாப்பா"ன்னாங்க. நாலு நிமிஷம். தானா எழுந்து நடந்தான்.

ஏர்லைன்ஸ்கிட்ட நாங்க கேக்கறதும் அந்த நாலு நிமிஷத்தைத்தான்.