அலமாரிக்குள் பூட்டிய நிறங்கள்



நிறம் மனத்தை மாற்றுமா என்பது இன்றைய அரங்கின் கேள்வி. சுங்கை பட்டாணிக் கடைத்தெருவிலேயே இதற்குப் பாதி விடை கிடைக்கும். மஞ்சள் மலாய் அரண்மனைக்கு அரச நிறம். தைப்பூசத்திற்கு விரதம் இருக்கும் தமிழனுக்கு முருகன் நிறம். சிவப்பு கெடா மாநிலக் கொடியின் நிறம்; சீனர் வீட்டில் அதுவே அங் பாவ் உறையின் நிறம். வெள்ளையைப் பாருங்கள். ஹஜ்ஜுக்குப் போகும் ஆண் உடுத்துவது வெள்ளை. சீனர் வழக்கத்தில் அது துக்கம். தேவாலயத்தில் அது மணப்பெண்ணின் உடை. தமிழர் வீட்டிலோ, கணவனை இழந்தவளுக்கு ஊர் போர்த்திய துணி.

2020இல் வெளியான ஓர் ஆய்வில் 30 நாடுகளைச் சேர்ந்த 4,598 பேரிடம் எந்த நிறம் எந்த உணர்ச்சியைத் தருகிறது என்று கேட்டார்கள். சிவப்பு என்றால் அன்பும் கோபமும், கறுப்பு என்றால் சோகம் என்பதில் பெரும்பாலும் ஒற்றுமை இருந்தது. ஆனால் வெள்ளையைச் சோகத்தோடு சேர்த்துப் பார்ப்பது மற்ற நாடுகளைவிடச் சீனாவில் அதிகம். ஆக, கண் பார்ப்பது பாதி. ஊர் சொல்லிக் கொடுத்தது மீதி.

ஊர் சொல்லிக் கொடுத்ததை ஊரே மாற்றலாம் அல்லவா?

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். துணியில் பட்ட பால் காய்ந்தால் கறுத்துவிடும். எவ்வளவு வெளுத்தாலும் போகாது. அதனால் வெட்டுக்கென்று பழைய துணி தனியாகக் கிடக்கும். விடியற்காலைப் பெரட்டில் சுமங்கலியும் அதே கறைத்துணியில்தான் நின்றாள், விதவையும் அதே கறைத்துணியில்தான் நின்றாள். மரத்தடியில் யாரும் வேறுபாடு பார்க்கவில்லை. கோயில் திருவிழா வந்தால்தான் ஒருத்திக்குப் பட்டு, இன்னொருத்திக்கு மூலை. அத்தனை பிள்ளைகளையும் பால் வாளி தூக்கியே வளர்த்தவள், மகள் கல்யாணத்தில் மணவறைப் பக்கம் வரத் தயங்கினாள். தடுத்தது யார்? பெரும்பாலும் சொந்தப் பெண்களே. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிருந்தாவனத்தில் வாழும் விதவைகள் வெள்ளை உடுத்தி, வண்ணத்தை விட்டு விலகியே இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். 2013இல் சுலப் அமைப்பின் துணையோடு அவர்களே ஹோலி விளையாடினார்கள். 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஹெர்வாட் கிராமப் பஞ்சாயத்து, கணவன் இறந்ததும் வளையல் உடைப்பது, பொட்டை அழிப்பது போன்ற சடங்குகளுக்கு முடிவு கட்டித் தீர்மானம் போட்டது. ஒரு கிராமம் செய்ததை ஒரு தோட்டத்துச் சங்கம் செய்ய முடியாதா?

"இப்போது யார் வெள்ளை உடுத்தச் சொல்கிறார்கள்?" என்று தம்பிமார் கேட்கலாம். உண்மைதான், வெள்ளை குறைந்துவிட்டது. அதற்குப் பதில் சந்தன நிறம், சாம்பல் நிறம், 'வயசுக்கு ஏத்த' வெளிர் நிறம் வந்திருக்கிறது. கட்டுப்பாடு போகவில்லை, கொஞ்சம் சாயம் பூசிக்கொண்டது, அவ்வளவுதான்! தானாக விரும்பி வெள்ளை உடுத்தும் அம்மாமார்களும் உண்டு. அவர்களை அப்படியே விடுங்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் அந்த விருப்பத்தை யாராவது ஒரு தடவையாவது வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

தீபாவளிக்கு அலோர் ஸ்டாரிலோ கூலிமிலோ குடும்பமாகத் துணி எடுக்கப் போகிறோம். மருமகளுக்கு அரக்கு, பேத்திக்குக் கிளிப்பச்சை என்று கட்டுக் கட்டாகப் பிரித்துப் போடுகிறார்கள். பாட்டிக்கு மட்டும் வீட்டிலிருந்தே நிறம் முடிவாகி வருகிறது. அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். சேலைகளை விரித்துப் போட்டுவிட்டு, "பாட்டி, உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். முதலில் "எனக்கெதுக்குப்பா" என்பார். அவசரப்படாதீர்கள். அவர் கை எந்தச் சேலையைத் தடவிப் பார்க்கிறது என்று கவனியுங்கள்.