நிலாவில் வடை சுட்ட பாட்டியும் வாவுக்குப் பயந்த அக்காவும்

(நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் குழந்தைகளிடமும் பெற்றோர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பி.காம். படித்தவன். பேங்க்கில் லெட்ஜரும் கேஷுமாகவே காலத்தை ஓட்டியவன். நிலாவைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று செக்ரட்டரியிடமே கேட்டேன். "நீங்க இனயத்துக்காரர்தானே சார், கடல்கரையில வளர்ந்தவருக்கு நிலாவைத் தெரியாதா?" என்றார். மாட்டிக்கொண்டேன்.

போன மாதம் என் பேத்தி பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். நான்காம் வகுப்பு. நிலாவில் தெரியும் கறுப்பு என்ன என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். பாட்டி வடை சுடுகிறாள் என்று இவள் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வந்ததும் வராததுமாக என் மனைவியிடம் சண்டை: "நீ ஏன் பொய் சொன்னே?"

அன்று இரவு மூன்று பேரும் இதே மாடிக்கு வந்தோம். அந்தக் கறுப்பு, எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த சமவெளி. பழைய வானியலாளர்கள் அதைத் தண்ணீர் என்று எண்ணிக் 'கடல்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அதே பெயர்தான். ஜப்பான்காரர்களுக்கு அங்கே முயல் மாவு இடிக்கிறது. சீனர்கள் 2013-ல் நிலாவில் இறக்கிய ஊர்திக்கே தங்கள் கதையில் வரும் முயலின் பெயரைத்தான் வைத்தார்கள். "அப்போ விஞ்ஞானிங்களுக்கும் கதை பிடிக்குமா?" என்றாள். பாட்டியோடு ராசி ஆகிவிட்டது.

ஆனால் எல்லாக் கதையும் வடைக் கதை இல்லை.

எங்கள் பக்கம் அமாவாசையையும் பௌர்ணமியையும் வாவு என்போம். குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சிக்குப் போயிருப்பீர்களே, அந்த வாவுதான். வாவு நாட்களில் சூரியனும் பூமியும் நிலாவும் ஏறத்தாழ ஒரே வரிசையில் வருவதால் இழுப்பு சேர்ந்துகொள்ளும். கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். என் அப்பா பள்ளிக்கூடமே போகாதவர். இந்தக் கணக்கை விரல் விட்டுச் சொல்வார். லெட்ஜரும் கிடையாது, ஆடிட்டும் கிடையாது.

2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி என்று நம் மாவட்டத்தில் எத்தனை ஊர் அழிந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். வாவுக் கடல்தான் பொங்கி ஊரை எடுத்தது என்று யாரோ சொன்னதை என் அக்கா அப்படியே நம்பிவிட்டாள். அதன்பின் பல வருடம், பௌர்ணமி வந்தால் ஒரு பையில் துணியும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு உள்நாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். நாங்கள் கேலி செய்தோமே தவிர, ஒருவரும் உட்கார்ந்து விளக்கவில்லை. படித்த நானும்தான்.

விளக்கியது அவளுடைய பேரன். எட்டாம் வகுப்பு. ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி மெதுவாகச் சாய்த்துக் காட்டினான்: இது நிலாவின் வேலை, ஏறுவதற்கே ஆறு மணி நேரம் ஆகும், நம் கரையில் ஒரு மீட்டர்கூட வராது. பிறகு அடியில் ஓங்கித் தட்டினான்: இது சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் வந்த பூகம்பம். "பூகம்பம் காலண்டர் பார்க்காது பாட்டி. மத்த நாள்ல நீங்க நிம்மதியாத் தூங்குறதுதான் ஆபத்து. கடல் திடீர்னு உள்வாங்கினா, எந்த நாளானாலும் மேட்டுக்கு ஓடணும்."

"அப்ப நிலா ஒண்ணும் செய்யலையா மக்கா?" என்று கேட்டாளாம் அக்கா. போனில் இதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது.

பிள்ளைகளே, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்குச் சந்திரயான்-3 இறங்கியதை டி.வி.யில் பார்த்துக் கைதட்டினோம். நிலா மண் போன்ற மண்ணை இஸ்ரோ எடுத்தது நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையிலிருந்து. சந்திரயான்-2 போனபோது தலைவராக இருந்த சிவன் பிறந்தது நம் சரக்கல்விளையில். இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வரும் பௌர்ணமியன்று மாலை எல்லோரும் இங்கே வாருங்கள். மேற்கே சூரியன் இறங்கும்போது கிழக்கே நிலா ஏறும். ஏன் என்று டார்ச்சும் பந்தும் வைத்துப் பார்ப்போம். மாடி விளக்கை ஒரு மணி நேரம் அணைக்கச் செக்ரட்டரி ஒத்துக்கொண்டார். பாட்டி தாத்தாக்கள் ஆளுக்கொரு நிலாக் கதையோடு வர வேண்டும். வடை எங்கள் வீட்டுப் பொறுப்பு.