தன்ராஜ் மாஸ்டர்: இசைக்கு எழுத்தறிவித்த ஆசான்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலங்கழிக்கும் நமக்கு இசையிலக்கணம் பேசும் தகுதி இல்லை. ஆயினும், இசை கற்பித்த ஓர் ஆசானைப் பற்றி நன்றியோடு பேசுவதற்குப் பட்டம் வேண்டுவதில்லை என்ற துணிவினால் உங்கள் முன் நிற்கின்றோம்.

அவ்வாசான் காலஞ்சென்ற தன்ராஜ் மாஸ்டர். சென்னை மயிலாப்பூரில் சாயி லாட்ஜ் என்னும் விடுதியின் ஓர் அறையே அவருடைய கல்லூரி. பியானோ, கித்தார், மேலை இசையின் இலக்கணம் ஆகியவற்றை அவர் அங்கே கற்பித்தார்.

பியானோ நம் நாட்டுக் கருவியன்று. 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் அதனை ஆக்கினார். இன்றைய பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளும் உள்ளன. கட்டையை அழுத்தினால் உள்ளே சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். வீணைக் கம்பியை இழுத்துக் கமகம் காட்டுவதுபோல் இதில் காட்ட இயலாது. ஒரு கட்டைக்கு ஒரே ஒலி. ஆனால் பத்து விரல்களாலும் பல சுரங்களை ஒருங்கே எழுப்பலாம். இராகத்தை ஒற்றை இழையாக வளர்ப்பது நம் மரபு. பல இழைகளை ஒன்றாக நெய்வது அவர்கள் மரபு. அந்நெசவுக்கு எழுத்து இன்றியமையாதது. எக்கருவி எக்கணத்தில் ஒலிக்க வேண்டும், எங்கே வாளாவிருக்க வேண்டும் என்பதெல்லாம் தாளில் குறிக்கப்பெறும். நம் இரயில் கால அட்டவணையை எண்ணிப் பாருங்கள். ஒரே தடத்தில் பல வண்டிகள் முறை பிறழாமல் ஓடுவதற்கு அவ்வெழுத்தன்றோ துணை!

1968இல் பண்ணைப்புரத்து இளைஞர் ஒருவர் சென்னைக்கு வந்தார். அண்ணன் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகச் சென்று மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். கேள்வியறிவு அவரிடம் நிறைந்திருந்தது; எழுத்தறிவை நாடித் தன்ராஜ் மாஸ்டரின் மாணவரானார். பாக், மொசார்ட், பேத்தோவன் எழுதிவைத்த இசையைப் படிக்கவும், தம் மனத்தில் எழுவதைத் தாளில் எழுதவும் கற்றார். இராசையா என்ற பெயரை ‘ராஜா’ என்று சுருக்கி அழைத்தவரும் அவ்வாசானே. 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது அதன்முன் ‘இளைய’ என்பது சேர்ந்தது. 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் இசைக்குழுவினர் வாசித்தனர். அவர்கள் நம் மொழி அறியாதவர்கள். ஆயினும் நம்மவர் எழுதிய தாளைப் படித்தனர். பண்ணைப்புரத்து உள்ளம் அங்கே பேசிற்று.

ஏ. ஆர். ரகுமானும் இளமையில் இவ்வாசானிடம் பயின்றவரே. அவர் 2008இல் சென்னையில் கே. எம். இசைக் கல்லூரியை நிறுவினார். 2009இல் இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றார். ஒரு சிற்றறையில் ஏற்றிய சுடர் எத்தனை விளக்குகளுக்குத் தாவியது, பாருங்கள்!

மாணவர் புகழை உலகறியும். ஆசானை அறிந்தோர் சிலரே. இக்குறைக்கு நாமும் பொறுப்பாளிகள். நம் மகள், அதே கட்டடத்தில் குடியிருந்த ஓர் அம்மையாரிடம் கீபோர்டு கற்றுவந்தாள். பத்தாம் வகுப்பு வந்ததும், ‘படிப்புக் கெடும்’ என்று நிறுத்தினோம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றது. ‘கொடுக்கலாம், கொடுக்கலாம்’ என்று நாள் கடத்தினோம். ஒருநாள் கதவில் பூட்டுத் தொங்கிற்று. அம்மையார் ஊருக்கே திரும்பிவிட்டார். மின்கட்டணத்தை ஒருமுறையும் தவறவிடாத நாம், குழந்தையின் விரலுக்கு மொழி தந்தவரின் கூலியைத் தவறவிட்டோம். அதை இன்றுவரை செலுத்த இயலவில்லை.

அன்பர்களே! மாட்டுங்காவில் வாய்ப்பாட்டும், செம்பூரில் வீணையும், தாராவிச் சந்துகளில் தமிழ் எழுத்தும் கற்பிப்போர் இருக்கின்றனர். அவர்களுக்குரிய கூலியை மாதம் தவறாமல் கொடுப்போம். அடுத்த ஆண்டு விழாவில் பரிசு பெறும் குழந்தையை மேடையேற்றும்போது, கற்பித்தவரையும் கைப்பிடித்து அழைத்து அருகில் நிறுத்துவோம். இதுவே நம் வேண்டுகோள்.

வாழ்க ஆசான்கள்! வளர்க நம் சங்கம்!