மிஸ், மேடம், ஃப்ராய்லைன்

(வட்டார வள மையத்தில் நடந்த ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழிலிருந்து தொடங்குகிறேன். எங்களோடு பணியாற்றும் மூத்த ஆசிரியை ஒருவர் ஐம்பது வயதைக் கடந்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர். அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'செல்வி' என்று அச்சாகியிருந்தது. வரவேற்பு நடனம் ஆடவிருந்த ஏழாம் வகுப்பு மாணவியின் பெயருக்கு முன்னும் அதே 'செல்வி'. பிள்ளைகள் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. தம் கையிலிருந்த அழைப்பிதழில் அந்த ஒரு சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மெய்ப்புப் பார்த்தவன் நான். அதில் பிழை ஏதும் என் கண்ணில் படவில்லை.

செல்வனாக இருக்கும் பையன் வளர்ந்ததும் திருவாகிவிடுகிறான். பெண் திருமதியாக வேண்டுமானால் அவளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும்தானா என்று தேடிப் பார்த்தேன். ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இதே கதைதான்.

நாம் பாடம் நடத்தும் ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்வோம். மிஸ், மிஸஸ் இரண்டுமே 'மிஸ்ட்ரஸ்' என்ற ஒரே சொல்லின் சுருக்கங்கள். பதினேழாம் நூற்றாண்டில் மிஸஸ் என்றால் மதிப்புள்ள பெண்மணி என்றுதான் பொருள். திருமணம் ஆகாதவர்களையும் அப்படி அழைத்தார்கள். கல்யாணக் கணக்கு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதைத் தவிர்க்க எம், எஸ் என்ற இரண்டெழுத்துச் சொல்லை 1901-லேயே அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து நாளிதழ் ஒன்று முன்மொழிந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970-களில் பெண்கள் இயக்கம் அதைக் கையில் எடுத்தது. நியூயார்க் டைம்ஸ் ஏற்றுக்கொண்டதோ 1986-இல்தான். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு தொல்லை உண்டு. தமிழில் எழுதினால் இதுவும் 'மிஸ்' ஆகிவிடுகிறது. கடைசி ஒலி வண்டின் ரீங்காரம் போல அதிரவேண்டும் என்று வாயால் சொல்லிக் காட்டினால்தான் பிள்ளைகளுக்கு வேறுபாடு புரிகிறது.

ஜெர்மன் மொழியின் கதை ஆசிரியர்களான நமக்கு மிகவும் நெருக்கமானது. அங்கே 'ஃப்ராவ்' என்றால் பெண்மணி. 'ஃப்ராய்லைன்' என்றால் மணமாகாதவர். நேர்ப்பொருள் 'சின்னப் பெண்மணி'. இலக்கணப்படி அது பெண்பால்கூட இல்லை, அஃறிணை போன்ற மூன்றாம் பால். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியையை ஃப்ராய்லைன் என்றே அழைத்தார்கள். ஏனென்றால் ஆசிரியைக்கு மணமாகியிருக்க முடியாது! 1880-இல் வந்த விதியின்படி, திருமணம் செய்துகொண்ட ஆசிரியை வேலையை விட்டுப் போகவேண்டும். ஓய்வூதிய உரிமையும் போய்விடும். 1919-இல் வெய்மர் அரசமைப்புச் சட்டம் இத்தகைய பாகுபாட்டை நீக்கியும், நடைமுறையில் சில பகுதிகளில் 1950-கள் வரை அது தொடர்ந்தது. 1972-இல் மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம், வயதுவந்த பெண்கள் எல்லாரையும் ஃப்ராவ் என்றே குறிப்பிடுமாறு அரசு அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

இங்கிலாந்திலும் மணமான ஆசிரியைகளுக்கு எதிரான தடை 1944 கல்விச் சட்டத்தோடுதான் ஒழிந்தது. அங்கே இன்றும் பிள்ளைகள் 'மிஸ்' என்கிறார்கள். நம் ஊர் ஆங்கில வழிப் பள்ளிகளில் பேரன் பேத்தி எடுத்த ஆசிரியையும் 'மிஸ்'தானே!

பிரான்சில் அரசுப் படிவங்களில் ஆணுக்கு 'மொஸ்யூ' என்று ஒரே கட்டம். பெண்ணுக்கு மதாம், மத்மஸேல் என்று இரண்டு. 2012 பிப்ரவரியில் பிரதமர் ஃபிரான்ஸுவா ஃபியோன் வெளியிட்ட சுற்றறிக்கை மத்மஸேலை நீக்கச் சொன்னது. பேச்சில் யாரும் அதைத் தடை செய்யவில்லை. நாம் சொல்லும் 'மேடம்' இந்த மதாமின் பிள்ளைதான். வீட்டுத் தலைவி என்ற பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

எனக்குப் பிடித்தது ரஷ்ய முறை. ஆசிரியையை அவர் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அழைப்பார்கள்: மரியா இவானொவ்னா, அதாவது இவானின் மகள் மரியா. ஆண் ஆசிரியருக்கும் இதே முறைதான். திருமணத்துக்கு அதில் இடமில்லை. நம் தலைப்பெழுத்தை விரித்துச் சொல்வது போலத்தான். தாய் பெயர் எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி.

முறைசார் கடிதம் நடத்தும்போது, பெறுநர் மணமானவரா என்று பிள்ளைகளை யோசிக்க வைக்காதீர்கள். எம், எஸ் என்று எழுதினாலே முழு மதிப்பெண் கொடுங்கள்.

அடுத்த ஆண்டு அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த ஆசிரியையிடம் போனேன். திருமிகு என்று போடலாமா அம்மா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் போடுவீங்களா, எனக்கு மட்டுமா?" என்றார்.

எல்லாருக்கும் போட்டோம்.