கூலி சொல்லும் செப்பு வில்லைகள்



அரசு அடித்தது காசு. சில்லறைக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது வணிகர் அடித்துக்கொண்டது வில்லை. இந்திய வணிகத்தில் ஈடுபட்டிருந்த நியூயார்க்கின் டால்பட், ஆலம், லீ நிறுவனம் 1794, 1795ஆம் ஆண்டுகளைப் பொறித்து வெளியிட்ட செப்பு வில்லைகளை அமெரிக்கச் சேகரிப்பாளர் இன்றும் தேடிச் சேர்க்கின்றனர்.

நமக்கு உறவுடைய வில்லைகள் கொழும்பில் உள்ளன. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை உள்ளடக்கிய பழைய இராமநாதபுரச் சீமையின் வறட்சி, நம் மக்களைக் கடல் கடத்தியது. கண்டி மலைகளில் அவர்கள் பறித்த காப்பி கொழும்பு ஆலைகளுக்கு வந்தது. அங்கே கொட்டை பொறுக்கிய பெண்களுக்கு ஜார்ஜ் ஸ்டூவர்ட் முதலிய நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த வில்லைகளைக் கூலிக்கு ஈடாக வழங்கின. 19 சதம் எனப் பொறித்தவையும் உள. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியைப் படிப்படியாக அழித்தது, வில்லைகள் எஞ்சின. காட்ரிங்டன் 1924இல் தம் இலங்கை நாணய நூலில் அவற்றைப் பதிவு செய்தார்.

அவற்றில் முதலாளியின் பெயர் உண்டு. பொறுக்கியவளின் பெயர் இல்லை. அந்த வெற்றிடம் கவிஞர்க்கு உரியது.

நம் சிற்றூர் வீடுகளில் பழஞ்செம்பு வில்லை கிடைத்தால் புளியிட்டுத் தேய்க்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். எவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது, கொண்டுவந்தவர் யார் எனக் கேட்டு எழுதி வையுங்கள். அக்குறிப்பு இல்லையேல் வில்லை வெறுஞ்செம்பே.