அடைப்பின் அளவு வேறு, ஆபத்தின் அளவு வேறு

 

இதய ரத்தக் குழாய்க்குள்ளேயே படமெடுத்து மாரடைப்பு ஆபத்தைக் கணிப்பது பற்றிய கருத்தரங்கைப் பேரையூரில் ஏன் நடத்த வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இங்கே கேத் லேப் கிடையாது. ஆஞ்சியோ என்றால் டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரைக்குத்தான் போயாக வேண்டும். ஆனால் ஆஞ்சியோ முடிந்து ஊர் திரும்புகிறவர் ஆயுளுக்கும் மாத்திரை வாங்கப் போவது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களான உங்களிடம்தான். அவர் நீட்டும் டிஸ்சார்ஜ் சீட்டில் '30% அடைப்பு, மருந்து போதும்' என்று இருக்கும். "முப்பதுதானாம் டாக்டர், பயமில்லைன்னுட்டாங்க" என்பார். மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்தியிருப்பார். அந்த முப்பது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இன்றைய பொருள்.

ஆஞ்சியோகிராமில் தெரிவது ரத்தம் ஓடும் வழியின் நிழல் மட்டுமே. சுவர் அதில் தெரியாது. கொழுப்பு படியும்போது குழாய் முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. குறுக்குப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும் வரை உள்வழி சுருங்குவதில்லை என்று கிளாகோவ் குழுவினர் 1987இல் காட்டினார்கள். திடீர் மரணமடைந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்த ரேணு விர்மானி உள்ளிட்ட குழு, வெடித்த படிவுகள் பெரும்பாலானவற்றின் மேல்மூடி 65 மைக்ரானுக்கும் மெல்லியதாக இருந்ததை 1997இல் பதிவுசெய்தது. நம் வட்டாரத்தில் கண்மாய் உடைவதும் கரை மெலிந்த இடத்தில்தானே.

அந்த மெல்லிய மூடியை உயிரோடிருப்பவரிடம் பார்க்க முடியுமா? ஒலி அலையால் பார்க்கும் ஐவஸ் படிவின் மொத்தப் பருமனைச் சொல்லும். அதன் நுட்பம் 100 மைக்ரானை ஒட்டியது; மூடியை அளக்க அது போதாது. ஒளியால் பார்க்கும் ஓசிடி 10 முதல் 20 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். மதுரைக்காரர்களுக்கு ஓசிடி புதிதல்ல; கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் பார்ப்பதும் இதே நுட்பம்தான். 1991இல் வெளிவந்த அதன் முதல் ஆய்வுக் கட்டுரையிலேயே விழித்திரையும் இதயத் தமனியும் சேர்ந்தே இடம்பெற்றன. ஒரு மில்லிமீட்டரை விட மெல்லிய குழலைத் தமனிக்குள் செலுத்தி, கான்ட்ராஸ்ட் மருந்தால் ரத்தத்தைச் சில நொடி விலக்கிவிட்டு, சுழலும் ஒளியிழையைப் பின்னோக்கி இழுக்கிறார்கள். சுவர் முழுவதும் அடுக்கடுக்காகத் திரையில் வந்துவிடுகிறது.

பார்த்ததால் என்ன பயன் என்ற கேள்விக்கு 2011இல் வெளிவந்த பிராஸ்பெக்ட் ஆய்வு ஓரளவு விடை தந்தது. மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற 697 பேரை மூன்றாண்டு தொடர்ந்தார்கள். சிகிச்சை செய்யாமல் விட்ட இடங்களால் 11.6 சதவீதத்தினருக்கு மீண்டும் பாதிப்பு வந்தது. அந்த இடங்களின் அடைப்பு முதல் ஆஞ்சியோவில் சராசரியாக 32 சதவீதமே. ஆபத்தானவை என்று அந்த ஆய்வு வகுத்த மூன்று அறிகுறிகளும் ஒருசேர இருந்த படிவுகளில்கூட 18 சதவீதம்தான் பிரச்சினை கொடுத்தன. அதாவது, படத்தில் மோசமாகத் தெரிகிற படிவுகளிலும் பெரும்பாலானவை சும்மாவே இருந்துவிடுகின்றன.

அப்படியானால் முன்கூட்டியே ஸ்டென்ட் வைத்துவிடலாமா? 2024இல் வெளிவந்த பிரிவென்ட் ஆய்வில் 1,606 பேர். இரண்டாண்டில் பாதிப்பு 3.4 சதவீதத்திலிருந்து 0.4ஆகக் குறைந்தது, ஆனால் இறப்பு மட்டும் தனியே குறைந்ததாக நிறுவப்படவில்லை. தென்கொரியா, ஜப்பான், தைவான், நியூசிலாந்து மருத்துவமனைகள் பங்கேற்றன. நம் நாடு இல்லை. இடது பிரதான தமனியிலும் சிக்கலான அடைப்பிலும் ஸ்டென்ட் வைக்கையில் உட்படம் எடுக்கும்படி ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் இப்போது உறுதியாகவே சொல்கின்றன. வருங்கால ஆபத்தைக் கணிப்பதற்கென்று மட்டும் ஒருவருக்குக் குழல் செலுத்த இன்னும் போதிய ஆதாரம் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் நிலைப்பாடு இதுதான்: இந்தக் கருவி தந்த பாடம், கருவி இல்லாத ஊருக்கும் பயன்படும். ஜப்பானில் 2014இல் வந்த ஈஸி ஃபிட் ஆய்வில் ஓராண்டு அட்டோர்வாஸ்டாடின் கொடுத்து ஓசிடியில் அளந்தார்கள். 5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களை விட 20 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குப் படிவின் மேல்மூடி கூடுதலாகத் தடித்திருந்தது. அதே மருந்துதான் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரலுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளையாகக் கொடுக்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து சாப்பிட வைப்பதும், பீடியை விட வைப்பதும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் மெலிந்த மூடிக்கான வைத்தியம்.

இன்றைய அமர்வுகளில் மூன்று விஷயங்களை முடிவுசெய்யுங்கள். உட்படம் எடுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் சதவீதத்தோடு சுவரின் தன்மையையும் தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். அப்படிப் படமெடுத்தவர்களின் விவரத்தை மதுரை மருத்துவமனைகள் ஒரே பதிவேட்டில் தொகுக்க வேண்டும். நம் மக்களின் தமனியைப் பற்றி நமக்கே கணக்கு வேண்டும். மாத்திரையை நிறுத்தியவரை மூன்றாம் மாதமே தேடிப் பிடிக்கிற பொறுப்பு யாருடையது என்பதும் தீர்மானமாக வேண்டும். மாலைக்குள் மூன்றுக்கும் எழுத்தில் விடை வரும் என்ற எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.